இஷிகாகி தீவில் ஒரு பழைய அதிகாரி வீடு: மியாரா டுன்ச்சி அனுபவங்கள்

தீவுத்தேடி:

ஜப்பானின் ஒகினாவா மாநிலத்தில் இருக்கும் இஷிகாகித் தீவுக்குப் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் கபிரா விரிகுடாவைப் பார்ப்பார்கள், அப்புறம் பக்கத்துத் தாகெதோமி தீவுக்குப் படகு ஏறுவார்கள், அதோடு ஊர் திரும்பிவிடுவார்கள். படகுத்துறையிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் வரும் மியாரா டுன்ச்சியை விட்டுவிடுகிறார்கள். அந்த வீட்டைப் பற்றி எழுதத்தான் இந்தப் பகிர்வைத் தொடங்குகிறேன். ஒகினாவா பக்கம் இது போன்ற வீடுகளைப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

1819இல் கட்டிய வீடு. அப்போது ஒகினாவாவும் இந்தத் தெற்குத் தீவுகளும் ஜப்பானின் மாநிலம் அல்ல, ரியூக்யூ என்ற தனி அரசு. தலைநகர் ஷூரி, இன்றைய நாஹா நகருக்குள் இருக்கிறது. இஷிகாகியைச் சுற்றியுள்ள யாயெயாமா தீவுகளை மூன்று பிரிவாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரை அரசு நியமித்தது. அதில் மியாரா பிரிவின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் கட்டியதுதான் இந்த வீடு. இந்த அதிகாரி வர்க்கத்தை ரியூக்யூ சாமுராய் என்று சொல்வதுண்டு; சாமுராய் என்றதும் கவசமும் வாளும் மனதில் வந்தால், அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இவர்கள் பெரும்பாலும் எழுத்து வேலை பார்த்தவர்கள். வரிக்கணக்கு, அரசுக் கடிதம், சீன நூல் படிப்பு, சான்ஷின் என்ற மூன்று தந்தி வாத்தியம் வாசிப்பு, இதுதான் அவர்கள் வாழ்க்கை. 1609இல் தெற்கு ஜப்பானின் சத்சுமா என்ற சிற்றரசு படையெடுத்து வந்த பிறகு, வடக்கே சத்சுமாவுக்கும் மேற்கே சீனப் பேரரசுக்கும் ஒரே சமயத்தில் பணிந்து நடக்க வேண்டியிருந்த அரசு அது. அங்கே வாளைவிடத் தூரிகைக்குத்தான் மதிப்பு.

வாசலைத் தாண்டியதும் நேராக வீடு தெரியாது. குறுக்கே ஒரு மறைப்புச் சுவர் நிற்கும். ஹின்புன் என்பார்கள். ஒகினாவாவின் பழைய வீடுகளில் இதைப் பார்க்கலாம். தெருவில் போகிறவர் கண்ணும் கெட்ட ஆவியும் நேரே உள்ளே நுழையக்கூடாது என்பது இதன் காரணம். இங்கே அந்தச் சுவரின் நடுவில் ஒரு கதவும் உண்டு, முக்கிய விருந்தாளிகளுக்காக. மற்றவர்கள் பக்கவாட்டில் சுற்றித்தான் போக வேண்டும்.

அதைச் சுற்றி வந்ததும் சிவப்பு ஓட்டுக் கூரை தெரிந்தது. ஓடுகளின் இடுக்கெல்லாம் வெள்ளைச் சுண்ணச்சாந்து அப்பியிருந்தது. புயலில் ஓடு பறக்காமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். கூரை தாழ்வாக இறங்கி, நம் ஊர்த் தாழ்வாரம் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நிழலில் நின்றுதான் அறைகளைப் பார்த்தேன். உள்ளே ஏற விடமாட்டார்கள், அது சரிதான். அறைகளுக்குக் கிழக்கிலிருந்து மேற்காக வரிசை உண்டு. கிழக்குக் கோடியில் விருந்தாளி அறை, அடுத்து முன்னோர் வழிபாட்டு மாடம் இருக்கும் அறை, மேற்கே போகப் போக வீட்டாரின் புழக்கம்.

தோட்டம் விருந்தாளி அறையின் பக்கம், கிழக்கில் இருக்கிறது. இங்கே தண்ணீர் இல்லை. கல்லையும் மணலையும் வைத்தே மலையும் கடலும் காட்டும் ஜப்பானிய முறைத் தோட்டம். ஆனால் கியோட்டோவில் பார்ப்பது போல வழவழப்பான கரும்பாறைகள் கிடையாது. இங்கே வைத்திருப்பது தீவின் சொந்தக் கல், பவளத்திலிருந்து உருவான ரியூக்யூ சுண்ணாம்புக் கல். பக்கத்தில் குனிந்து பார்த்தேன். கல் முழுக்கப் பொத்தல். ஒரு பொத்தலில் சிப்பியின் விளிம்பு புதைந்து கிடக்கிறது, இன்னொன்றில் பவளத்தின் நட்சத்திர வரிகள் அப்படியே இருக்கின்றன. ஈரம் தங்கிய குழிகளில் விரல் நீளப் பெரணி முளைத்திருக்கிறது. இந்தக் கற்களை அடுக்கிச் சின்னச் சின்னக் குன்றுகள் எழுப்பி, இடையில் ஒரு கல் பாலமும் வைத்திருக்கிறார்கள். கடலடியில் பிறந்த கல்லை மலையாக நிறுத்தியிருக்கிறார்கள். கியோட்டோவின் முறையைப் படித்துவிட்டுத் தங்கள் தீவுக்கே உரிய தோட்டம் செய்தவர்கள் என்று அந்த இடத்தில் எனக்குத் தோன்றியது. ஜப்பான் அரசு 1972இல் வீட்டை முக்கியப் பண்பாட்டுச் சொத்தாகவும் தோட்டத்தைத் தேசிய அழகிடமாகவும் அறிவித்தது. இரண்டும் தகும்.

இனி அந்த வீட்டின் பெரிய கதை. வீடு, தகுதிக்கு மீறிய கட்டிடமாம். ஷூரியில் உயர்ந்த அதிகாரிகளின் மாளிகை எப்படி இருக்குமோ அதே அமைப்பில் ஒரு தீவு அதிகாரி கட்டிக்கொண்டார். எந்தப் படியில் இருப்பவர் எவ்வளவு பெரிய வீடு கட்டலாம், என்ன கூரை போடலாம் என்பதற்கெல்லாம் சட்டம் இருந்த காலம். ஐந்து முறை இடிக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. குடும்பம் இடிக்கவில்லை. கடைசியில் 1875இல் ஓட்டைப் பிரித்துவிட்டுப் புல் வேய வைத்தார்கள். அதற்குள் ரியூக்யூ அரசின் காலமே முடிந்துகொண்டிருந்தது. 1879இல் ஜப்பான் அதை ஒகினாவா மாநிலமாக இணைத்துக்கொண்டது. 1899இல் வீட்டுக்குத் திரும்ப ஓடு வந்தது. உத்தரவு போட்ட அரசு போய்விட்டது, வீடு இருக்கிறது.

நான் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து நின்றார். நாஹாவிலிருந்து வந்த ஓய்வு பெற்ற ஆசிரியர். என் அரைகுறை ஜப்பானிய மொழியைப் பொறுத்துக்கொண்டு நிதானமாகப் பேசினார். அவருடைய பாட்டன் வீடு ஷூரியில் இருந்ததாம். 1945 போரில் போய்விட்டது. வீட்டின் ஒரு படம்கூட மிச்சமில்லை. "எங்கள் வீட்டில் முதல் அறை எங்கே இருந்தது, மாடம் எங்கே இருந்தது என்று அம்மா சொல்லுவாள். அதை இங்கே வந்துதான் கண்ணால் பார்க்கிறேன்" என்றார். ஷூரியில் முன்மாதிரியாக இருந்த மாளிகைகள் எல்லாம் குண்டில் போயின. அவற்றைப் பார்த்துக் கட்டியதற்காக இடிக்கச் சொன்ன வீடுதான் இன்று அவற்றைக் காட்டுகிறது. அவர் வெகு நேரம் அந்த மாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓன்னாவாசி:

அண்ணா, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். நான் ஒகினாவா பெருந்தீவில், ஓன்னாவில் ஆராய்ச்சி வேலையில் இருக்கிறேன். அந்தப் பெரியவர் சொன்னது இங்கே வீட்டுக்கு வீடு உள்ள கதை. ஷூரி மலையில் நடந்தால் பழைய கல் சுவர்கள் அங்கங்கே இருக்கும், சுவருக்குப் பின்னால் இருப்பது காங்கிரீட் வீடு. போரின்போது ஷூரி அரண்மனைக்கு அடியில் ஜப்பானியப் படையின் தலைமையகம் சுரங்கத்தில் இருந்தது. அதனால் அந்த மலையையே அமெரிக்கப் படை தரைமட்டம் ஆக்கியது. பின்னால் அரண்மனையைத் திரும்பக் கட்டினார்கள், அதுவும் 2019 அக்டோபரில் எரிந்துபோனது. அந்தக் காலையில் என்னோடு வேலை செய்யும் ஒகினாவாக்காரர்கள் யாருக்கும் பேச்சே வரவில்லை.

நாஹாவுக்கு வருகிறவர்கள் ஷிகினாயென் தோட்டத்தை அவசியம் பாருங்கள். 1799இல் முடித்த அரச குடும்பத்துத் தோட்டம். நடுவில் குளம், குளத்துத் தீவில் சீனப் பாணி அறுகோண மண்டபம், கல் வளைவுப் பாலங்கள். புதிய அரசருக்கு முடி சூட்டச் சீனாவிலிருந்து வரும் தூதர்களை இங்கேதான் விருந்து வைத்து உபசரித்தார்கள். தோட்டத்தின் ஓர் ஓரத்தில் மேட்டுப் பார்வையிடம் இருக்கிறது. அங்கே நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் நிலம்தான், கடல் தெரியாது. இத்தனை சின்னத் தீவில் கடல் தெரியாத இடமாகத் தேடி அமைத்திருக்கிறார்கள், நாடு பெரியது என்று தூதர் நினைக்கட்டும் என்று. இந்தத் தோட்டமும் 1945இல் அழிந்ததுதான். 1975இல் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் பாடுபட்டு மீட்டெடுத்தார்கள். 2000இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

இன்னொன்று, குமெ தீவில் உயெசு குடும்பத்து வீடு. 1754இல் கட்டியது, அதுவும் அதிகாரி குடும்பம்தான். சுற்றிலும் கல் சுவர், சுவரை ஒட்டி உயரமான ஃபுகுகி மரங்கள். மியாரா டுன்ச்சி அளவுக்குத் தோட்டத்தில் கலை கிடையாது, ஆனால் புயலோடு குடித்தனம் நடத்திய வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் நான் பார்த்ததில்லை.

மதுரைக்காரி:

தீவுத்தேடி அண்ணா, நானும் மியாரா டுன்ச்சிக்குப் போயிருக்கிறேன். தோட்டம் எனக்கும் பிடித்தது. ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அந்த வீட்டுக்கு முன்னால் நான் பார்த்தது, படகுத்துறைப் பக்கத்தில் இருக்கும் யாயெயாமா அருங்காட்சியகம். அங்கே பழைய துணிகள் இருக்கின்றன, ராமி என்ற நாரில் நெய்தவை, கண்ணாடி போல மெல்லியவை. அவ்வளவு அழகு. அதை நெய்தவர்கள் தங்களுக்காக நெய்யவில்லை. வரிக்காக நெய்தார்கள்.

மியாக்கோ, யாயெயாமா தீவுகளில் தலைவரி இருந்தது. 1637இல் தொடங்கி 1903 வரை. பதினைந்து வயது முதல் ஐம்பது வரை ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று கணக்கு. நிலம் விளைந்ததா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. பெரும்பாலும் ஆண்கள் தானியமாகக் கட்ட வேண்டும், பெண்கள் துணியாகக் கட்ட வேண்டும். நடுவில் 1771இல் பெரிய ஆழிப்பேரலை வந்து யாயெயாமாவில் மட்டும் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், ஏறக்குறைய மூன்றில் ஒருவர். மிச்சமிருந்தவர்கள் தலையில்தான் பாரம் ஏறியது. அது நடந்து ஐம்பது வருடம்கூட ஆகாத நிலையில் எழுந்த வீடு அண்ணா அது. அந்த வரியை வசூல் செய்து ஷூரிக்கு அனுப்பும் அதிகாரி வர்க்கம் கட்டிய வீடு.

அதனால் வீட்டைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள், அப்புறம் வீட்டுக்குப் போங்கள். எனக்கு அந்தக் கல் குன்றுகளைப் பார்க்கும்போது, சுண்ணாம்புக் கல்லைச் சுமந்து வந்தவர்கள் யார், அவர்களுக்கு அன்று சாப்பாடு கிடைத்ததா என்றுதான் மனம் ஓடியது. 1893இல் மியாக்கோ விவசாயிகள் டோக்கியோ வரை போய் நாடாளுமன்றத்தில் முறையிட்டார்கள். அந்தப் போராட்டத்துக்கு அப்புறம்தான் வரி ஒழிந்தது. அந்த விவசாயிகளின் வீடுகளில் எது நிற்கிறது?

செடிக்கிறுக்கு:

நான் கட்டிடம் பார்க்கப் போகவில்லை, மரம் பார்க்கப் போனேன். ஒகினாவா தோட்டங்களில் கல் இடுக்கில் நிற்கும் சோதெத்சு வேறு எதுவுமில்லை, நம் ஊர் அலுவலக வாசல்களில் தொட்டியில் நிற்கும் அதே சைக்கஸ்தான். நாம் அதற்குத் தண்ணீர் ஊற்றி உரம் வைக்கிறோம். அங்கே மண்ணே இல்லாத பவளக் கல்லில் வேரை விட்டு, உப்புக் காற்றில் தழைத்து நிற்கிறது. மதுரைக்காரி அக்கா பசியைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். இந்தச் செடியின் தண்டிலும் விதையிலும் மாவுச்சத்து உண்டு, கூடவே நஞ்சும் உண்டு. நறுக்கி, பல முறை தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, புளிக்கவைத்து நஞ்சை எடுத்த பிறகே சாப்பிடலாம். 1920களில் சர்க்கரை விலை வீழ்ந்து ஒகினாவா பஞ்சத்தில் தவித்தபோது ஜனங்கள் இதைத் தின்றுதான் உயிர் பிழைத்தார்கள். சரியாகப் பக்குவம் செய்யாமல் செத்தவர்களும் உண்டு. அந்தக் காலத்துக்கே 'சோதெத்சு நரகம்' என்றுதான் பெயர்.

ஃபுகுகி பற்றி ஓன்னாவாசி சொன்னார். அது நம் குடம்புளிக்குச் சொந்தக்கார மரம். இலையைத் தொட்டுப் பாருங்கள், தடிமனாக, தோல் போல இருக்கும். நெருக்கமாக நட்டால் புயல் காற்றைத் தாங்கும், சீக்கிரம் தீயும் பிடிக்காது. பட்டையிலிருந்து மஞ்சள் சாயம் எடுப்பார்கள். பிங்காத்தா என்ற ரியூக்யூ சாயத் துணிகளில் மஞ்சளுக்கு இதையும் பயன்படுத்துவார்கள். வீட்டுத் தூண்களுக்கு நல்ல வீடுகளில் இனுமாக்கி மரம் போடுவார்கள். கரையான் அரிக்காது. அந்த ஈரக் காற்றில் இருநூறு வருடம் மரவீடு நிற்க வேண்டுமென்றால் மரம் தெரிந்த தச்சர் வேண்டும்.

தீவுத்தேடி:

மதுரைக்காரி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். தலைவரி பற்றி நான் எழுதாமல் விட்டது பெரிய இடைவெளி, அதை நீங்கள் நிரப்பினீர்கள். ஆனாலும் அந்தப் பெரியவர் மாடத்தைப் பார்த்த பார்வையும் எனக்கு விட்டுப் போகவில்லை. அந்த வீடு இரண்டு பேருக்கும் சொந்தமான சாட்சி என்று நினைக்கிறேன். போரில் வீட்டை இழந்தவருக்கும் அது சாட்சி, வரிக்காக நெய்த பெண்ணுக்கும் அது சாட்சி. இடித்திருந்தால் இன்று நாம் இந்த இரண்டையும் பேசியிருக்க மாட்டோம்.

தனிச்செய்தியில் சிலர் போகும் விவரம் கேட்டார்கள். நாஹாவிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம். இஷிகாகி விமான நிலையத்திலிருந்து படகுத்துறைக்குப் பேருந்து இருக்கிறது. வீட்டுக் கட்டணம் சொற்பம்தான். அது தனியார் சொத்து, அதனால் திறந்திருக்கிறதா என்று சுற்றுலாத் தகவல் மையத்தில் கேட்டுக்கொண்டு போங்கள், படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். தோட்டம் கிழக்கே இருப்பதால் காலை வெயில் கல்லின் பொத்தல்களுக்குள் நேராக விழும், கல்லைப் பார்க்க வேண்டுமென்றால் காலையில் போங்கள். நிழலில் நின்று சாவகாசமாகப் பார்க்க வேண்டுமென்றால் மாலை நல்லது. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை புயல் காலம், படகும் விமானமும் ரத்தாகும், ஒரு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மதுரைக்காரி சொன்ன அருங்காட்சியகம் வழியிலேயே வருகிறது, அதை முதலில் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடங்கள்.