முத்தியால்பேட்டை பழைய வீட்டு ஹாலுக்கு சவுண்ட்பாரா, ரிசீவரா?

முத்தியால்பேட்டை:
வணக்கம். எங்களுடையது தாத்தா கட்டிய வீடு. ஹால் 10-க்கு 14 அடி. மெட்ராஸ் டெரஸ் கூரை, தேக்குக் கட்டைகள் வரிசையாகத் தெரியும், உயரம் 13 அடி இருக்கும். 55 இன்ச் டிவி வாங்கியாகிவிட்டது, இஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிள் வழியாக வெளியே அனுப்பும் வசதி) உண்டு. ராத்திரியில் ஓடிடி படங்கள். பகலில் அம்மாவின் சீரியல், அப்பாவின் செய்தி. அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். வசனம் புரியவில்லை என்று சத்தத்தை ஏற்றுவார், சண்டைக்காட்சி வந்ததும் அம்மா குறைக்கச் சொல்வார். கையில் 45,000 இருக்கிறது. பாண்டி நேரு வீதிக் கடையில் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவது போல் காட்டும் டால்பி முறை) சவுண்ட்பார், அதாவது டிவிக்குக் கீழே வைக்கும் ஒற்றை நீள ஸ்பீக்கர், எடுங்கள் என்கிறார்கள். மச்சான் ரிசீவர் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஆம்ப்ளிபயர்), ஸ்பீக்கர் என்று தனித்தனியாக வாங்கச் சொல்கிறான். எது சரி?

கோரிமேடு:
சவுண்ட்பார்தான், யோசிக்கவே வேண்டாம். வயதானவர்கள் இருக்கும் வீடு. டிவியிலிருந்து ஒரே எச்டிஎம்ஐ கேபிள், டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூடும், குறையும். தரையில் வயர் ஓடாது, அப்பா தடுக்கி விழ மாட்டார். ஓடிடியில் வரும் அட்மாஸ் பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய ஒலி வடிவத்தில்தான் வருகிறது. அதற்கு இஏஆர்சிக்கு முந்தைய சாதாரண ஏஆர்சியே போதும். அதைவிடத் தரமான ட்ரூஎச்டி ஒலி வேண்டுமென்றால் ப்ளூரே தட்டு வாங்க வேண்டும். தட்டே இல்லாத வீட்டில் ரிசீவர் எதற்கு?

கெடிலக்கரை:
கோரிமேடு தம்பி, ஏஆர்சி பற்றிச் சொன்னது சரி. ஆனால் அவர் வீட்டுக் கூரையை நீங்கள் கவனிக்கவில்லை. அட்மாஸ் சவுண்ட்பாரின் மேல் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் ஒலியைக் கூரையில் அடித்துத் திருப்பி நம் மேல் விழ வைக்கும். அதற்குக் கூரை தட்டையாக இருக்க வேண்டும், பன்னிரண்டு அடிக்குள் இருந்தால் நல்லது. இவருக்கு 13 அடி உயரம், அதில் வரிசையாகக் கட்டைகள். ஒலி கட்டையில் பட்டு நாலா பக்கமும் சிதறும். மேலே ஹெலிகாப்டர் போவது போல் கேட்கும் என்று கடையில் பால்ஸ் சீலிங்குக்குக் கீழே காட்டுவார்கள். அந்தச் சீலிங்கை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்களே. அட்மாஸ் என்ற பெயருக்காக இவர் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண்.

இவர் வீட்டுப் பிரச்சினை வசனம். படத்தின் 5.1 ஒலியில் (ஐந்து சேனல், பேஸுக்குத் தனியாக ஒன்று) பேச்சு பெரும்பாலும் நடு சேனலில்தான் இருக்கும். டிவியின் இரண்டு குட்டி ஸ்பீக்கரில் அதையும் இசையையும் வெடிச்சத்தத்தையும் ஒன்றாகக் கொட்டினால் அப்பாவுக்கு எப்படிப் புரியும்? நல்ல சென்டர் ஸ்பீக்கர் ஒன்றை டிவிக்கு நேர் கீழே, காது உயரத்தைப் பார்த்துச் சற்றே நிமிர்த்தி வையுங்கள். ரிசீவர் மெனுவில் சென்டரை மட்டும் 3 டெசிபல் ஏற்றுங்கள். மொத்தச் சத்தத்தைக் கூட்டாமலே பேச்சு தெளிவாகக் கேட்கும். அம்மாவும் கோபப்பட மாட்டார்.

கோரிமேடு:
அண்ணே, 3.1 சவுண்ட்பாரிலும் நடு சேனலுக்குத் தனி ஸ்பீக்கர் உண்டு, சென்டரை மட்டும் ஏற்றும் வசதியும் பலவற்றில் உண்டு. அட்மாஸ் வேண்டாம் என்றால் ஒத்துக்கொள்கிறேன், 3.1 எடுக்கட்டும், பாதிப் பணம் மிஞ்சும். இன்னொன்று, சீரியலும் செய்தியும் ஸ்டீரியோவில் வருகிறவை. அதில் நடு சேனலே கிடையாது. உங்கள் ரிசீவர் அங்கே என்ன செய்யும்?

கெடிலக்கரை:
ரிசீவரில் டால்பி சரவுண்ட் மோடு போட்டால் இடது, வலது இரண்டிலும் பொதுவாக இருக்கும் ஒலியைப் பிரித்து நடுவுக்கு அனுப்பும். செய்தி வாசிப்பவர் குரல் சென்டரில்தான் வரும். ரிமோட் விஷயமும் அப்படித்தான். ரிசீவரிலும் சிஇசி (எச்டிஎம்ஐ வழியாக ஒன்றையொன்று இயக்கும் வசதி) இருக்கிறது, டிவியை ஆன் செய்தால் அதுவும் ஆன் ஆகும்.

திருப்பாதிரி:
இரண்டு பேரும் பெரிய கம்பெனியை விட்டு வெளியே வரவே மாட்டேன் என்கிறீர்கள். 45,000 ரூபாய்க்கு அசெம்பிள்டு ஆம்ப் (உள்ளூரில் பாகங்களைக் கோத்துச் செய்யும் ஆம்ப்ளிபயர்) அருமையாகச் செய்யலாம். டிடிஏ7294 ஐசி உள்ள ஆம்ப் போர்டு, நல்ல டொராய்டல் ட்ரான்ஸ்பார்மர், எட்டு இன்ச் சப் (ஆழ்ந்த பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்). கெட்டுப்போனால் ஐசி மாற்றினால் போதும், ஊரிலேயே ஆள் இருக்கிறார்கள். சவுண்ட்பார் போர்டு போனால் புது போர்டுக்குச் சொல்லும் விலையில் இன்னொரு சவுண்ட்பாரே வாங்கலாம்.

கெடிலக்கரை:
அசெம்பிள்டு ஆம்ப் செய்யும் கைகள் மேல் எனக்கு மரியாதை உண்டு, பாட்டுக்கு அது நன்றாகவே இருக்கும். ஆனால் உள்ளே என்ன டிகோடர் (டால்பி ஒலியைச் சேனல்களாகப் பிரிக்கும் பகுதி) போடுகிறார்கள் என்று கேளுங்கள். ப்ரோலாஜிக் என்று விற்கும் மலிவான போர்டுகள் பல, ஸ்டீரியோவை ஆறாகப் பங்கு போடுகிறவைதான். டால்பி டிஜிட்டலை உண்மையிலேயே பிரிக்கும் போர்டு வேறு. பெட்டியில் பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் வாட் போட்டிருந்தால் அந்த எண்ணைப் பார்க்கவே பார்க்காதீர்கள், ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரும் வாட், எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

திருப்பாதிரி:
ஆப்டிகல் (டிவியின் ஒளி இழை ஒலிக் கேபிள்) வழியாக டால்பி டிஜிட்டல் பிரிக்கும் போர்டு போட்டுத் தருகிறார்கள், நானே கேட்டிருக்கிறேன். செட்டிங்கில் டிவியின் அவுட்புட்டை டால்பி டிஜிட்டலுக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆப்டிகலில் டால்பி டிஜிட்டல் பிளஸ் போகாது, அதனால் அட்மாஸ் இல்லை. அந்தக் கூரைக்கு அட்மாஸே வேண்டாம் என்றுதானே நீங்களும் சொன்னீர்கள்?

அரியாங்குப்பம்:
உப்புக்காற்றை யாரும் சொல்லவில்லை. முத்தியால்பேட்டைக்குக் கடல் எவ்வளவு தூரம்? எங்கள் வீட்டில் ஸ்பீக்கர் வயர் நுனி களிம்பேறிப் பச்சையாகிவிடும், ஒரு பக்கம் கரகரக்கும். வெறும் வயரை முறுக்கிச் சொருகாதீர்கள், பனானா பிளக் போடுங்கள். புயல் மழை வரும்போது எல்லா கரண்ட் பிளக்கையும் கழற்றி வைக்க வேண்டும். 2024 பெஞ்சல் புயல் அன்று இங்கே மழை எப்படிக் கொட்டியது என்று தெரியும்தானே. கரண்ட் போனதை விடத் திரும்பி வரும் நேரம்தான் பயம், அப்போது வோல்டேஜ் எகிறலாம்.

கோரிமேடு:
பாருங்கள், இத்தனை வயர், இத்தனை பிளக், இத்தனை பராமரிப்பு. அப்பா அம்மா மட்டும் வீட்டில் இருக்கும்போது ஒரு பக்கம் கரகரத்தால் யார் பார்ப்பது? பணமும் இடிக்கும். ஆரம்ப நிலை ரிசீவரே பட்ஜெட்டில் பாதிக்கு மேல் தின்றுவிடும். மிச்சத்தில் ஐந்து ஸ்பீக்கரும் சப்பும் வாங்கினால் எல்லாமே அரைகுறை.

கெடிலக்கரை:
ஐந்தும் இப்போதே எதற்கு? அகலக்கால் வைக்க வேண்டாம். ரிசீவர், ஒரு ஜோடி புக்ஷெல்ப் (அலமாரியில் வைக்கும் அளவுள்ள சிறிய ஸ்பீக்கர்), அதே சீரிஸில் ஒரு சென்டர், இதோடு நிறுத்துங்கள். சப் தீபாவளிக்கு வரட்டும், பின்னால் வைக்கும் இரண்டு பொங்கலுக்கு வரட்டும். ரிசீவர் பத்து வருடத்தில் பழசாகும், நல்ல ஸ்பீக்கர் அதற்கு அப்புறமும் உழைக்கும். பல சவுண்ட்பார்களில் இந்த வழியே கிடையாது, போர்டு போனால் மொத்தமும் போச்சு.

சப் வரும்போது இதைச் செய்யுங்கள். பத்தடிச் சுவர்களுக்கு இடையில் 56, 57 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி எதிரொலித்துப் பெருகும், ஓர் இடத்தில் நெஞ்சை அடைக்கும், சில அடி தள்ளினால் காணாமல் போகும். அதனால் கண்ட மூலையில் சப்பைத் தள்ளிவிடாதீர்கள். நீங்கள் உட்காரும் சோபாவின் மேல் சப்பைத் தூக்கி வைத்து, பேஸ் கிடார் தொடர்ந்து நடக்கும் பாட்டு ஒன்றைப் போடுங்கள். சுவரோரமாகக் குனிந்து, காதைத் தரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நகருங்கள். எந்த இடத்தில் எல்லா ஸ்வரமும் ஒரே அளவில் கேட்கிறதோ அங்கே சப்பை வையுங்கள். மெனுவில் கிராஸ்ஓவரை (எதற்குக் கீழே உள்ள ஒலி சப்புக்குப் போகும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸ் வைத்துத் தொடங்கலாம். இதற்குக் காசு செலவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் வித்தியாசத்தை விடப் பெரிய வித்தியாசம் இதில் தெரியும்.

முத்தியால்பேட்டை:
எல்லோருக்கும் நன்றி. அட்மாஸ் ஆசையை விட்டுவிட்டேன். கடலூரில் வாங்கினால் விலை குறையுமா?

கெடிலக்கரை:
ஒரு காலத்தில் கடலூர்க்காரர்கள் நாங்கள்தான் வரி குறைவு என்று பாண்டிக்கு வந்து டிவி, ப்ரிட்ஜ் வாங்கிக்கொண்டு போவோம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு இரண்டு ஊருக்கும் ஒரே வரி. எங்கே உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்க விடுகிறார்களோ அங்கே வாங்குங்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் பார்க்கும் செய்தி சேனலையே போடச் சொல்லுங்கள்.

கோரிமேடு:
அதையே நானும் சொல்கிறேன். அதே செய்தியை 3.1 சவுண்ட்பாரிலும் போடச் சொல்லுங்கள். அப்பாவுக்கு இரண்டும் ஒன்றுபோல் புரிந்தால் என் பேச்சைக் கேளுங்கள்.

முத்தியால்பேட்டை:
ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு போகிறேன். ரிசீவர் என்று முடிவானால் ஸ்பீக்கர் வயர் எந்த கேஜ் (தடிமன் அளவு) வாங்க வேண்டும்?

அரியாங்குப்பம்:
உங்கள் ஹால் அளவுக்கு 16 கேஜ் தாராளம், பின்னால் இழுக்கும் நீள வயருக்கு அதைவிடத் தடித்த 14 எடுத்துக்கொள்ளுங்கள். முழுச் செம்பா என்று பார்த்து வாங்குங்கள். நுனி இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது செம்பு பூசிய அலுமினியம், அது வேண்டாம்.