ஓபன்எம்பி: 8 த்ரெட் உள்ள சிஸ்டத்தில் 1 என்றே வருகிறது, ஏன்?

மாங்கொல்லை, கிருஷ்ணகிரி:
வணக்கம். சந்தூர் பக்கத் தோப்புகளில் எடுத்த மா இலைப் படங்களில் இலைப்புள்ளியைக் கண்டுபிடிப்பதுதான் இறுதியாண்டு ப்ராஜெக்ட். சி மொழி, வேலையைப் பல த்ரெட்டாக (ஒரே நேரத்தில் ஓடும் கிளைகளாக) பிரிக்கும் ஓபன்எம்பி, உபுண்டு, காலேஜ் லேப் சிஸ்டம். சிபியூ விவரம் காட்டும் எல்எஸ்சிபியூ கமாண்ட் போட்டால் 4 கோர், கோருக்கு 2 த்ரெட் என்று வருகிறது. ஆனால் மெயினின் முதல் வரியிலேயே ஓஎம்பி_கெட்_நம்_த்ரெட்ஸ் கூப்பிட்டால் 1தான். கம்பைல் செய்யும்போது ஓபன்எம்பியை இயக்கும் எஃப்ஓபன்எம்பி ஆப்ஷன் கொடுத்திருக்கிறேன். த்ரெட்டுக்கு ஒரு பஃபர் (தற்காலிக நினைவக இடம்) ஒதுக்க வேண்டும், அதனால் எண்ணிக்கை முன்கூட்டியே தெரிய வேண்டும்.

பாலக்கோட்டான்:
தம்பி, அது 1 சொல்வது சரிதான். அந்த ஃபங்ஷன் இந்த நிமிடம் வேலை செய்யும் குழுவில் எத்தனை பேர் என்றுதான் சொல்லும். பேரலல் பகுதிக்கு (பல த்ரெட்டும் சேர்ந்து ஓடும் இடத்துக்கு) வெளியே ஒரே ஆள்தானே? உங்களுக்கு வேண்டியது ஓஎம்பி_கெட்_மேக்ஸ்_த்ரெட்ஸ். அடுத்த பேரலல் பகுதிக்கு அதிகபட்சம் எத்தனை கிடைக்கும் என்பதை வெளியிலிருந்தே கேட்கலாம்.

மாங்கொல்லை:
நன்றிங்க அண்ணா. மாற்றினேன், 4 வருகிறது. 8 அல்லவா வர வேண்டும்? டெர்மினலில் சிபியூ எண்ணிக்கை சொல்லும் என்ப்ராக் கமாண்ட் போட்டாலும் 4. ஆனால் ஓஎம்பி_கெட்_நம்_ப்ராக்ஸ் மட்டும் 8 என்கிறது. எதை நம்புவது?

அரூர் கணிப்பொறி:
இந்த மூன்று எண்ணிலேயே விடை இருக்கிறது. நம்_ப்ராக்ஸும் 4 காட்டியிருந்தால் டாஸ்க்செட் கமாண்டோ கன்டெய்னரோ உங்கள் ப்ராசஸை 4 சிபியூவுக்குள் கட்டிப்போட்டிருக்கிறது என்பேன். அது 8 காட்டுவதால் யாரோ த்ரெட் எண்ணிக்கையை முடிவு செய்யும் ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை 4 என்று வைத்திருக்கிறார்கள். எக்கோ போட்டுப் பாருங்கள். என்ப்ராக்கும் அந்த வேரியபிளை மதிக்கும், பலருக்கு இது தெரியாது. வேரியபிளைக் கண்டுகொள்ளாமல் மொத்தத்தையும் சொல்ல என்ப்ராக்குக்கு 'ஆல்' ஆப்ஷன் உண்டு.

மாங்கொல்லை:
ஆமாங்க, டெர்மினல் திறக்கும்போது ஓடும் பேஷ்ஆர்சி ஃபைலில் இருந்தது. அன்செட் செய்ததும் 8. ஆனால் 4இல் ஓடியதைவிட வேகம் கொஞ்சம்தான் கூடியது.

அரூர் கணிப்பொறி:
அப்படித்தான் இருக்கும். நிஜக் கோர் நான்குதான், ஒவ்வொன்றையும் இரண்டு த்ரெட் பங்கு போட்டுக்கொள்கின்றன. படங்களை டிஸ்கிலிருந்து படிக்கும் நேரத்தைத் தனியாக அளந்து பாருங்கள், பாதி தாமதம் அங்கே இருக்கலாம்.

பாலக்கோட்டான்:
பஃபரை நம்_ப்ராக்ஸ் வைத்து ஒதுக்காதீர்கள் தம்பி, மேக்ஸ்_த்ரெட்ஸ் வைத்தே ஒதுக்குங்கள். வேரியபிளில் யாராவது 16 என்று வைத்தால் 8 பஃபர் பற்றாது, நிரல் படுத்துவிடும். அப்புறம், பேரலல் வரியில் நம்_த்ரெட்ஸ் என்று நீங்களே ஓர் எண் எழுதினால் மேக்ஸ்_த்ரெட்ஸ் அதைக் கணக்கில் எடுக்காது. அப்போது அந்த எண்ணுக்குத்தான் பஃபர் வேண்டும்.

மாங்கொல்லை:
அந்த வரியில் எண் எதுவும் இல்லைங்க. மேக்ஸ்_த்ரெட்ஸுக்கே மாற்றிவிட்டேன். டிஸ்க் நேரத்தை நாளைக்கு லேபில் பார்க்கிறேன்.