பையனைக் கவுன்சிலிங் கூட்டிப்போன கதை, உங்க ஊர்ல எப்படி?

அண்ணன் மகன் பிளஸ் ஒன். காலாண்டுத் தேர்வுக்கு அப்புறம் ராத்திரி தூக்கம் போச்சு, பள்ளிக்கூடம் என்றாலே நெஞ்சு படபடக்குது என்பான். அண்ணி மந்திரித்துக் கயிறு கட்டினார், அதைக் குறை சொல்லவில்லை, ஆனால் அதோடு நின்றால் ஆகாது என்று பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். மாவட்ட மனநலத் திட்டத்தின் டீம் அங்கே குறிப்பிட்ட கிழமையில்தான் உட்காரும். வீட்டில் வாயே திறக்காதவன், அங்கிருந்த உளவியலாளர் அம்மாவிடம் என்னை வெளியே நிற்க வைத்துவிட்டு அவ்வளவு நேரம் பேசினான். போகப் போகத் தூக்கமும் வந்தது.

அப்புறம் ஒரு தடவை போனால் அவங்க இல்லை. 11 மாத காண்ட்ராக்ட் முடிந்தது, அடுத்த ஆர்டர் வரலை என்றார்கள். கொஞ்ச காலம் நாற்காலி காலி. பிறகு வந்தவரும் நல்லவர்தான், ஆனால் முதல் கேள்வியிலிருந்து மறுபடி ஆரம்பிக்க, பையன் எழுந்து வந்துவிட்டான். "எத்தனை பேர்கிட்ட சித்தப்பா இதையே சொல்றது?"

பணமே இல்லை என்று சொல்ல முடியாது. 1996இல் தொடங்கிய திட்டம், மாவட்டத்துக்கு வருஷம் 83.2 லட்சம் வரை என்று விதி இருக்கிறது, தேசிய சுகாதார இயக்கம் வழியாக மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், நர்ஸ் சம்பளம், மாத்திரை, பள்ளி கல்லூரி ஆலோசனை, தற்கொலைத் தடுப்பு எல்லாம் அதற்குள்ளேயே. பெங்களூரு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் 2015-16இல் எடுத்த தேசிய ஆய்வில் 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை. 600 பேர் படிக்கிற ஒரு மேல்நிலைப் பள்ளியிலேயே நாற்பது பிள்ளைகள் தேறும். இதற்கு ஆளை வருஷா வருஷம் மாற்றிக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளை மனசு விட்டுப் பேசும்?

பதில் (அரக்கோணம்): அண்ணா, 2019இல் வேலூர் மூன்று மாவட்டமாச்சு, ஆனா பெரிய ஆஸ்பத்திரி என்றால் எங்களுக்கு இன்னும் வேலூர் அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வருது, போய் வர ஒரு நாள் கூலி போயிடும். பொண்ணுக்கு ராத்திரியில் முடியாமப் போனப்ப அரசு மனநல உதவி எண் 14416க்குப் போன் போட்டேன். காசு கிடையாது, தமிழிலேயே பேசினாங்க, பொறுமையா கேட்டாங்க. அவசரத்துக்கு நல்லது, ஆனா நேரில் ஒருத்தர் வேணும்.

பதில் (காட்பாடி): எங்க கதை வேற. வளரிளம் பருவ சுகாதாரத் திட்டம் 2014இல் வந்தது, அது 10 முதல் 19 வயசு வரைதான். என் தம்பிக்கு 20. அந்தத் திட்டத்தோட இளைஞர் கிளினிக்கில் பார்க்க மாட்டோம், பெரியவங்க ஓபிக்குப் போங்க என்றார்கள். அங்கே கூட்டத்தைப் பார்த்ததுமே திரும்பிட்டான். பாகாயத்தில் சிஎம்சி மனநல மையத்தில் குடும்பத்தாரும் கூடவே தங்கலாம், ஆனா செலவை யோசிச்சு தள்ளிப் போட்டுட்டோம்.

இரண்டு பேருக்கும் நன்றி. வர்ற திங்கட்கிழமை வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுக்கப் போகிறேன். புதுக் கட்டடம் எல்லாம் கேட்கவில்லை. காண்ட்ராக்ட் முடியும் முன்பே புதுப்பிக்கணும், ஆள் மாறித்தான் ஆகணும் என்றால் பழையவரும் புதியவரும் ஒரு மாதமாவது சேர்ந்து உட்காரணும், 19 தாண்டியவர்களை எங்கே அனுப்புவது என்று ஓபியில் எழுதி ஒட்டணும். வேறு ஏதாவது சேர்க்கணும் என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்க.