கினிப்பன்றிக் கூண்டுக்குத் துணி விரிப்பு: ஃபிளீஸ் துணியில் ஈரம் இறங்காதது ஏன்?

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு பெண் கினிப்பன்றிகள் வளர்கின்றன. இதுவரை கூண்டில் மரச்சீவலைத்தான் பரப்பி வந்தோம். மூத்தவள் சில வாரங்களாக அடிக்கடி தும்மவே, கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். நுரையீரலில் தொற்று எதுவும் இல்லை என்றும், கூண்டிலுள்ள தூசியைக் குறைத்துப் பார்க்கும்படியும் அவர் சொன்னார். அதனால் துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தக்கூடிய துணி விரிப்புக்கு மாறலாம் என்று முடிவு செய்து, ஃபிளீஸ் போர்வை ஒன்றை வாங்கிக் கூண்டின் அளவுக்கு வெட்டி, நெகிழித் தளத்தின்மேல் நேரடியாக விரித்தேன்.

மறுநாள் காலையில் பார்த்தபோது, சிறுநீர் துணிக்குள் இறங்காமல் மேலேயே சிறு குட்டைபோல் தேங்கி நின்றது. அதன்மேல் படுத்திருந்தவளின் வயிற்று முடி நனைந்து ஒட்டிப்போயிருந்தது. அவளைத் துடைத்து உலர்த்தியபோது எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது.

ஃபிளீஸைத் தேர்ந்தெடுத்ததே தவறா? பருத்திப் போர்வையோ துவாலையோ விரித்தால் ஈரத்தை நன்றாக உறிஞ்சாதா? ஒரு விரிப்பை எத்தனை நாள் வைத்திருக்கலாம்? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

முதல் பதில்

வணக்கம். நீங்கள் தேர்ந்தெடுத்த துணியில் தவறில்லை. அதைத் தயார்ப்படுத்தாமல் விரித்ததும், அடியில் எதையும் வைக்காததும்தான் சிக்கலுக்குக் காரணம்.

ஃபிளீஸ் என்பது பாலியெஸ்டர் இழையால் ஆனது. அந்த இழை தண்ணீரைத் தனக்குள் உறிஞ்சிக்கொள்ளாது. இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியாகக் கீழே கடத்திவிடும். நமக்கு வேண்டியதும் இந்தக் குணம்தான். ஆனால் புதுத் துணியின்மேல் ஆலையில் ஏற்றிய பூச்சு இருப்பதால், தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நிற்கிறதே தவிர, உள்ளே இறங்குவதில்லை. அதைப் போக்குவதற்கு, மணமில்லாத சலவைத்தூளைக் குறைவாக இட்டு, சூடான நீரில் மூன்று அல்லது நான்கு முறை துவைக்க வேண்டும். துணியை மிருதுவாக்கும் திரவத்தை ஒருபோதும் சேர்க்காதீர்கள். அது இழையின்மேல் மெழுகுபோல் படிந்து, நீங்கள் பாடுபட்டுத் திறந்த வழியை மீண்டும் அடைத்துவிடும்.

துணி தயாராகிவிட்டதா என்பதைக் கூண்டில் விரிப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம். உலர்ந்த துவாலை ஒன்றின்மேல் ஃபிளீஸை விரித்து, ஒரு தேக்கரண்டித் தண்ணீரை ஊற்றுங்கள். சில நொடிகளில் தண்ணீர் மறைந்து, புறங்கையை அந்த இடத்தில் வைத்து அழுத்தும்போது லேசான குளிர்ச்சி மட்டும் தெரிந்தால் துணி தயார். துளி அப்படியே நின்றால், இன்னொரு முறை துவைக்க வேண்டும்.

இனி, கீழே இறங்கும் ஈரம் எங்கே போகும் என்பதைப் பார்ப்போம். அடியில் உறிஞ்சும் அடுக்கு இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல ஃபிளீஸாக இருந்தாலும் நெகிழித் தளத்தில் தேங்கிய சிறுநீர் மீண்டும் மேலே ஏறிவிடும். ஆகவே மேலே கடத்தும் துணி, கீழே பிடித்து வைத்துக்கொள்ளும் துணி என்று இரண்டு அடுக்கு கட்டாயம் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கவும் வேண்டும்.

பருத்தியை மேலே விரிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பருத்தி ஈரத்தை நன்றாக உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் உறிஞ்சியதை அங்கேயே, அவற்றின் காலடியிலேயே வைத்துக்கொள்ளும். கினிப்பன்றியின் உள்ளங்காலில் முடி கிடையாது. ஒரு கிலோவை ஒட்டிய தன் உடல் எடையை அந்த மெல்லிய தோலின்மேல் சுமந்துகொண்டு, நாள் முழுவதும் அது அதே விரிப்பில்தான் நிற்கிறது, நடக்கிறது, படுக்கிறது. ஈரத்தில் ஊறிய தோல் முதலில் சிவக்கும், பிறகு வெடித்துப் புண்ணாகும். அந்தப் புண் ஆழத்தில் எலும்பு வரைக்கும் போனால் குணப்படுத்துவது மிகக் கடினம். துவாலையை மேலே விரிப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதன் நூல் வளையங்களில் நகம் சிக்கினால், மிரண்டு காலை இழுக்கும்போது நகம் பிய்ந்துவிடக்கூடும்.

இரண்டாம் பதில்

மேலே சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். அடியடுக்கைப் பற்றி மட்டும் என் அனுபவத்தைச் சேர்க்கிறேன்.

பழைய துவாலைகளை இரண்டாக மடித்துப் போடுவதில்தான் நான் தொடங்கினேன். அது போதும், ஆனால் அவை ஒரு பக்கமாகச் சுருண்டு மேடு தட்டிவிடுவதால், மேலே ஃபிளீஸையும் சேர்த்து நான்கு ஓரங்களிலும் குறுக்கிலும் தைத்துவிட்டேன். படுக்கையில் இருக்கும் நோயாளிகளுக்கு விரிக்கும் துவைக்கத்தக்க விரிப்புகளும் நன்றாக உறிஞ்சுகின்றன. அவற்றின் அடிப்பக்கத்தில் நீர் புகாத படலம் இருப்பதால் தளம் நனையாது. ஆனால் துவைத்த பிறகு உலர்வதற்கு நெடுநேரம் பிடிக்கும். அரைகுறையாக உலர்ந்த விரிப்பைப் போட்டால் பூஞ்சைக்கு நாமே இடம் கொடுத்தது போலாகும். கினிப்பன்றிகளுக்குப் படர்தாமரை எளிதில் தொற்றும் என்பதால், இதில் அலட்சியம் கூடவே கூடாது.

விரிப்பை மாற்றும் இடைவெளி, இடத்தைப் பொறுத்தது. இரண்டு கினிப்பன்றிகளுக்குக் குறைந்தது 7.5 சதுர அடி வேண்டும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கூண்டு அதைவிடச் சிறியதாக இருந்தால், எந்த விரிப்பும் இரண்டு நாளில் ஊறிவிடும். என்னிடம் உள்ள கூண்டு சற்றுப் பெரியது. நான் நான்கு நாளுக்கு ஒருமுறை முழு விரிப்பையும் மாற்றுகிறேன். நாளைக் கணக்கிடுவதைவிட, மூன்றாம் நாள் காலையில் விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கி, முகத்தைக் கூண்டுத் தளத்தின் உயரத்துக்கே தாழ்த்தி முகர்ந்து பார்ப்பதை நான் அதிகம் நம்புகிறேன். நின்றுகொண்டிருக்கும் நமக்கு எட்டாத அம்மோனியா நெடியை, தரையோடு மூக்கை வைத்திருக்கும் அவை இரவு முழுவதும் சுவாசிக்கின்றன. தும்மலுக்காக மாறுகிறீர்கள் என்பதால் உங்களுக்கு இது மிகவும் முக்கியம்.

அவை உலர்புல் தின்னும் இடத்திலேயே நின்று சிறுநீர் கழிக்கும். மறைந்து உறங்கும் குடிலுக்குள்ளும் அப்படியே. அந்த இரண்டு இடங்களில் மட்டும் சிறிய விரிப்புத் துண்டுகளைத் தனியாகப் போட்டு நாள்தோறும் மாற்றினால், பெரிய விரிப்பு நெடுநாள் தாங்கும். புழுக்கைகளைக் காலையிலும் மாலையிலும் சிறு துடைப்பத்தால் பெருக்கி எடுத்துவிடலாம். உலர்ந்த ஃபிளீஸில் அவை ஒட்டுவதில்லை.

மூன்றாம் பதில்

துணி எல்லாக் கினிப்பன்றிகளுக்கும் ஒத்துவரும் என்று நினைத்துவிட வேண்டாம். என்னிடமிருந்த ஆண் குட்டி விரிப்பின் ஓரத்தைக் கடித்து விழுங்கும் வழக்கமுடையவனாக இருந்தான். ஒரு நாள் அவன் வாயிலிருந்து விரல் நீளத்துக்கு ஃபிளீஸ் துண்டை நான் இழுத்து எடுக்க நேர்ந்தது. விழுங்கிய துணி குடலில் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், அன்றே காகிதத்தால் செய்த படுக்கைக்கு மாறிவிட்டேன். முதல் வாரம் ஓரங்களை நாள்தோறும் பாருங்கள். ஃபிளீஸை வெட்டினால் நூல் பிரியாது என்பதால் ஓரம் தைக்கவேண்டிய தேவை இல்லை. ஆனால் அடியிலுள்ள துவாலையின் நூல் பிரியும், அது காலில் சுற்றி இறுக்கக்கூடும்.

உலர்புல்லை விரிப்பின்மேல் சிதற விடாதீர்கள். அதன் கூரிய காம்புகள் ஃபிளீஸுக்குள் ஊசிபோல் ஏறி நிற்கும். எத்தனை முறை உதறினாலும் போகாது. ஆழமில்லாத தட்டு ஒன்றில் காகித உருண்டைகளையோ மரச்சீவலையோ பரப்பி, அதன்மேல் புல்லை வையுங்கள். சீவலாக இருந்தால் தேவதாரு வகை வேண்டாம். அதன் மணத்துக்குக் காரணமான எண்ணெய்கள் மூச்சுக்குழலை உறுத்தும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நான்கு முறை துவைத்தேன். மூன்றாம் துவைப்பு வரையில் துளி நின்றது. நான்காவதில் ஊற்றியவுடன் மறைந்துவிட்டது. அடியில் துவாலை இரண்டு அடுக்காகப் போட்டு விரித்து ஐந்து நாளாகிறது. இரண்டு பேரின் வயிறும் உலர்ந்திருக்கிறது, தும்மலும் குறைந்திருக்கிறது.

இரண்டு சந்தேகங்கள் மிச்சம் இருக்கின்றன. நேற்று முதன்முறையாக விரிப்பை மாற்றித் துவைத்தேன். துவைத்த பிறகும் துவாலையில் லேசான நெடி இருக்கிறது. விரிப்பில் அங்கங்கே வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள்போல் படிந்தும் இருந்தது. இது நோயின் அறிகுறியா?

முதல் பதில் எழுதியவர்

நல்ல செய்தி. அந்த வெள்ளைப் படிவு கால்சியம் உப்பு. கினிப்பன்றிகள் உணவிலுள்ள மிகுதியான கால்சியத்தைச் சிறுநீர் வழியாகவே வெளியேற்றுவதால், உலர்ந்த இடத்தில் மெல்லிய வெண்தூள் தெரிவது இயல்பு. அது விரலில் மணல்போல் நெருடினாலோ, சிறுநீர் கழிக்கும்போது அவை முனகினாலோ, மருத்துவரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள்.

நெடியும் படிவும் போவதற்கு, துவைப்பதற்கு முன் விரிப்பை உதறி, முடியைத் தேய்த்து எடுத்துவிட்டு, வெள்ளை வினிகர் கலந்த தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவையுங்கள். கினிப்பன்றியின் சிறுநீர் காரத்தன்மை உடையது. புளிப்பான வினிகர் அந்த உப்பைக் கரைத்துவிடும். வினிகர் சேர்த்த தண்ணீரில் பிளீச்சை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு உண்டாகும். பிறகு நன்றாக அலசி, வெயிலில் முழுவதும் உலரவிடுங்கள். ஒன்று கூண்டில், ஒன்று துவைப்பில், ஒன்று மாற்றுக்கு என்று மூன்று விரிப்புகள் இருந்தால், ஈரம் காயாததைப் போடும் அவசரம் நேராது.

அடுத்த விரிப்புக்குத் துணி எடுக்கும்போது, கறை தெரியாமலிருக்க வேண்டும் என்று கருநிறத்தைத் தேடாதீர்கள். என்னுடைய மூத்த கினிப்பன்றிக்குச் சிறுநீர்ப்பையில் கல் இருந்ததை, வெளிர்மஞ்சள் விரிப்பில் காசளவு தெரிந்த இளஞ்சிவப்புக் கறையைப் பார்த்துத்தான் நான் அறிந்தேன். முன்பு விரித்திருந்த அடர்நீலத் துணியில் அது என் கண்ணுக்கே பட்டிருக்காது.