புதுப்பிப்பு: அப்பாவும் நூலகக் கணினியும்

பார்வை மங்கிய அப்பாவுக்கு நூலகத்தில் படிக்க வழியே இல்லை என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். பாதி சரியாகிவிட்டது. எழுத்தில் கோரிக்கை கொடுத்ததும் ஒரு கணினியில், திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ திரைவாசிப்பானைப் போட்டுவிட்டார்கள். இலவச மென்பொருள்தான், இத்தனை நாள் ஏன் தயங்கினார்களோ!

முதல் நாளே சிக்கல். அப்பா திறந்த பிடிஎஃப் கோப்புக்குத் திரைவாசிப்பான் வாயே திறக்கவில்லை. பக்கங்களை வெறும் படமாக ஸ்கேன் செய்திருக்கிறார்கள். படத்தில் உள்ள எழுத்துகளை அடையாளம் காணும் எழுத்துணரி (ஓசிஆர்) மென்பொருள் வழியாக உரையாக மாற்றினால்தான் திரைவாசிப்பான் படிக்கும். ஊழியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மாற்றித் தந்தார். அப்பா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "கொஞ்சம் மெதுவா படிக்கச் சொல்லு" என்றார்.

இப்படி மாற்றுவது பதிப்புரிமை மீறல் ஆகாதா என்று கேட்டவர்களுக்கு: பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் நூல்களைப் படிக்க வழிசெய்யும் 2013 மராகேஷ் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள், அவர்களுக்கு ஏற்ற வடிவில் நூல்களை மாற்றித் தரப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு தர வேண்டும்.

அப்புறம், மீதிப் பாதி: பார்வை மங்கியவர்களுக்குப் படி தெரிவதற்காக நூலக வாசல் படி விளிம்பில் ஒட்ட வேண்டிய மஞ்சள் பட்டையை இன்னும் ஒட்டவில்லை.