நிர்வாணப் படப்பிடிப்பு: பொறுப்பு பாதிக்குப் பாதியா?

கொக்குவில் கமரா:
என் தொழில் கலியாண வீடும் சாமத்திய வீடும்தான். கொழும்பில் ஓவியர்களுக்கு மொடலாக நிற்கும் ஒரு பிள்ளை, வயது 27, நிர்வாணப் படத் தொடர் ஒன்று செய்வோமா என்று கேட்டிருக்கிறா. முகம் வராது, முதுகும் நிழலும் மட்டும். எனக்கும் விருப்பம்தான். ஆனால் எழுத்தில் போடுவோம் என்றதும் "அண்ணை, என்னில நம்பிக்கை இல்லையோ?" என்று முகம் சுருங்கிவிட்டது. இருவரும் வளர்ந்தவர்கள்தானே, கடதாசி வேணுமா? பிறகு பிரச்சினை வந்தால் பொறுப்பு பாதிக்குப் பாதியா?

பழைய பிலிம்:
தம்பி, எழுத உட்காரும்போதுதான் இருவர் மனதிலும் வேறு வேறு படம் இருப்பது தெரியும், அவ கண்காட்சி என்று நினைத்திருப்பா, நீர் இன்ஸ்டாகிராம் என்று நினைத்திருப்பீர். இலங்கையின் 2003 ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை பொதுவாகப் படம் எடுத்தவருக்குத்தான். உடம்பு அவவுடையது, கோப்பு உம்முடைய கையில், பிறகு எங்கே பாதிக்குப் பாதி? 1927 ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டமும் இருக்கிறது, அவ கையெழுத்து வைத்தாலும் அது விலகிப் போகாது. பொதுவில் போட முதல் ஒரு சட்டத்தரணியோடு கதையும்.

நிழல்காரி:
நான் இரண்டு தடவை நின்றிருக்கிறேன். முதல் தடவை எடுத்தவர் தங்கமான மனிசன், கிட்ட வந்து தொட்டுத் திருத்தாமல் வாயாலேயே "கொஞ்சம் இடப்பக்கம்" என்று சொல்லுவார், துவாய் எப்பவும் என் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், என் அக்காவும் அறையில் இருந்தா. ஆனால் அவருடைய லப்டொப் தானாகவே கூகுள் போட்டோஸில் ஏற்றிவிட, இரண்டு கிழமை கழித்து வீட்டு டிவி ஸ்லைட்ஷோவில் என் முதுகு! தேத்தண்ணித் தட்டோடு நின்ற அவருடைய மாமி பார்த்துவிட்டாவாம். அவரே போன் எடுத்துச் சொன்னார். நானும் சும்மா இல்லை, ஒருவருக்கும் அனுப்பவேண்டாம் என்று அவர் சொல்லித் தந்த மாதிரிப் படத்தைத் தோழிக்கு வட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன். அது என் பிழை.

ஊர்க்குருவி:
முகம் வராதாம்! யாழ்ப்பாணத்தில் முதுகு மச்சத்தை வைத்தே இன்னாருடைய மகள் என்று சொல்லிவிடுவார்கள். 1944 இல் இறந்த இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் எடுத்த நிர்வாணப் படங்களைக் கலை என்று கொண்டாடுகிறோம், சரி, அதில் நின்றவர்களில் எத்தனை பேரின் பெயர் உங்களுக்குத் தெரியும்? நாளைக்குப் பெயர் வாங்கப்போவது நீர், ஊர்வாயில் விழப்போவது அவ.

பழைய பிலிம்:
குருவி சொல்வது சரி. எடுத்த பிறகு அவ மனம் மாறினால் என்ன செய்வீர் என்பதையும் எழுதும். வெளியிட முதல் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் அழிக்கவேணும். அச்சாகிக் கண்காட்சியில் தொங்கிய பிறகு கேட்டால் செலவு யாருக்கு என்பதை இப்பவே பேசிக்கொள்ளும். அந்த இடத்தில் அவவுக்கும் பொறுப்பு உண்டு.

கொக்குவில் கமரா:
மச்சத்தை நான் யோசிக்கவே இல்லை. கேட்டேன், இடது தோளில் இருக்காம். நிழலுக்குள் விடுவதா, பிறகு அழிப்பதா என்று அவவே முடிவெடுக்கட்டும் என்று முதல் வரியாக எழுதி அனுப்பினேன். "இதை முதலே சொல்லியிருக்கலாமே அண்ணை" என்று பதில் வந்தது. லப்டொப்பில் அந்தத் தானேற்றத்தையும் நிறுத்திவிட்டேன், எங்கள் வீட்டிலும் மாமி இருக்கிறா.