140 பக்கத்தில் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் இலக்குகள்: 3 நிமிஷத்தில் நான் என்ன கேட்பது?

தேனிக்காரி:
வணக்கம். நாங்கள் கலிஃபோர்னியா, பே ஏரியா. மகன் மூன்றாம் வகுப்பு, மகள் கிண்டர்கார்டன். போன வாரம் எங்கள் பகுதிப் பள்ளிகளை நிர்வகிக்கும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டிலிருந்து ஒரு மெயில். மாணவர்களுக்கும் ஊருக்குமான 3 வருட இலக்குகளை எல்சிஏபி என்று ஒரு ஆவணமாகத் தயாரித்திருக்கிறார்களாம். ஜூன் போர்டு மீட்டிங்கில் பெற்றோர் பேசலாம், ஆளுக்கு 3 நிமிஷம்.

திறந்தால் 140 பக்கம். முன்னால் "ஒவ்வொரு பிள்ளையும் இது தன் இடம் என்று உணர வேண்டும்" என்கிற மாதிரி வாசகங்கள். பின்னால் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தொகைகள். கல்யாணப் பத்திரிகையையும் மளிகைக்கடை பில்லையும் ஒரே கவரில் போட்டு அனுப்பிய மாதிரி இருந்தது.

ஒரு வரியில் மட்டும் கண் நின்றது: அடிக்கடி லீவு போடும் மாணவர்களின் சதவீதத்தைக் குறைப்பது. மாமனாருக்கு எண்பதாம் கல்யாணம் என்று டிசம்பரில் 5 வாரம் ஊருக்குப் போனோம். குளிர்கால விடுமுறை போக 15 பள்ளி நாள் போனது. பிப்ரவரியில் காய்ச்சல், இன்னொரு 4 நாள். மகனுக்கு லீவு அதிகம் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. முன்கூட்டியே லெட்டர் கொடுத்துவிட்டுத்தான் போனேன்! படிப்பிலும் அவனுக்குக் குறை ஒன்றும் இல்லை. இதைப் போய் அங்கே கேட்கலாமா? இல்லை, அசட்டுத்தனமாக இருக்குமா?

பழைய கமிட்டி ஆள்:
தாராளமாகக் கேளுங்கள். நான் வேறொரு டிஸ்ட்ரிக்டில் பெற்றோர் ஆலோசனைக் குழுவில் 2 வருடம் இருந்தேன். எல்சிஏபியைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். வாசகத்தை விடுங்கள், அதற்கு எதிரே எவ்வளவு தொகை, எந்த அளவுகோல் என்று மட்டும் பாருங்கள்.

2013இல் ஜெர்ரி பிரவுன் கவர்னராக இருந்தபோது பள்ளி நிதி முறையையே மாற்றினார்கள். பிள்ளைக்கு இவ்வளவு என்று ஒரு அடிப்படைத் தொகை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை, அரசுப் பராமரிப்பில் வளரும் பிள்ளை என்றால் அதற்கு மேல் 20 சதவீதம் கூடுதல். அந்தக் கூடுதல் பணம் யாருக்காக வந்ததோ அவர்களுக்குப் போகிறதா என்று காட்டத்தான் இந்த ஆவணம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சேர்ந்திருக்கும் நாட்களில் 10 சதவீதம் வராவிட்டால் அடிக்கடி லீவு போடுபவர் கணக்கில் வந்துவிடும். வருடம் 180 நாள் என்றால் 18. உங்கள் மகன் 19. காரணம் சொல்லிப் போட்ட லீவு, சொல்லாமல் போட்ட லீவு என்ற பேதமே கிடையாது. இந்தக் கணக்கில் வரும் மாணவர்கள் கோவிடுக்கு முன் 2018-19இல் மாநிலம் முழுக்க 12 சதவீதமாக இருந்தது, 2021-22இல் 30 ஆனது. அதனால்தான் எல்லா டிஸ்ட்ரிக்டும் இந்த வரியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. இன்னொன்று, இங்கே பெரும்பாலான டிஸ்ட்ரிக்டுகளுக்கு மாநிலம் காசு கொடுப்பது பதிவேட்டில் இருக்கும் பிள்ளைக்கு அல்ல, வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளைக்கு.

வழி இருக்கிறது: இன்டிபென்டன்ட் ஸ்டடி, அதாவது பள்ளிக்கு வராமல் வெளியிலிருந்தே படிக்கும் ஏற்பாடு. கிளம்பும் முன்பே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, கொடுத்த வேலையை முடித்துக் கொண்டுவந்தால் அந்த நாட்கள் வந்த கணக்குதான்.

வரிசையில் நிற்கும் அப்பா:
15 வருஷமாகப் பார்க்கிறேன். எந்தப் போர்டு வந்தாலும் அதே இலக்கு, அட்டைப் படம் மட்டும் மாறும். பேசிவிட்டு வந்து காரில் புலம்பத்தான் போகிறீர்கள். போய் வாருங்கள், பார்க்கிங்காவது ஃப்ரீ.

மூணு பிள்ளைக்காரி:
அப்பா சொல்வதில் பாதி உண்மை :) ஆனாலும் போங்க தங்கச்சி. பெற்றோர் ஆலோசனைக் குழு கருத்து எழுதிக் கொடுத்தால் டிஸ்ட்ரிக்டின் தலைமை அதிகாரியான சூப்பரின்டென்டென்ட் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும், அது சட்டம். மைக்கில் பேசுவதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் அடுத்த வருடம் குழுவிலேயே சேர்ந்துவிடுங்கள். அப்புறம், ஒரு பள்ளியில் 15 சதவீதம் பிள்ளைகளின் வீட்டுமொழி ஒன்றாக இருந்தால் அறிவிப்புகளை அந்த மொழியிலும் தர வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தும் தமிழ், தெலுங்கு, இந்தி என்று பிரிந்துவிடுவதால் எங்கள் பள்ளியில் தமிழ் அந்தக் கோட்டைத் தொடுவதே இல்லை. உங்கள் மாமியாரால் அந்த லீவுக் கடிதத்தைப் படிக்க முடிந்ததா?

தேனிக்காரி:
முடியவில்லை அக்கா. சீல் வைத்த கவரைப் பார்த்துப் போலீஸ் நோட்டீஸ் என்று பயந்துவிட்டார்.

நேற்று போய்ப் பேசிவிட்டு வந்தேன். 1 நிமிஷம் 40 நொடிதான். இன்டிபென்டன்ட் ஸ்டடி என்று ஒன்று இருப்பதே கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அந்தப் படிவத்தை அக்டோபரிலேயே எல்லா வீட்டுக்கும் அனுப்ப இந்த இலக்கில் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். பதில் யாரும் சொல்லவில்லை. ஓரத்தில் இருந்த போர்டு அம்மா ஒருவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். நேற்று கருத்துக் கேட்பு மட்டும்தானாம், ஓட்டெடுப்பு அடுத்த மீட்டிங்கில்.

வீட்டுக்கு வந்ததும் மகன், "என் பேரைச் சொன்னியாம்மா?" என்றான். இல்லை என்றேன். முகம் தொங்கிப்போய்விட்டது.